பிறந்த குழந்தையின் சிறுநீரக அடைப்பு: காத்திருப்பதா, அறுவை செய்வதா?

கர்ப்பத்தின் இருபதாம் வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் "இடது கிட்னியில் லேசான வீக்கம்" என்று ஒரு வரி வருகிறது. எட்டாம் மாத ஸ்கேனில் அந்த வீக்கம் 12 மில்லிமீட்டர் என்கிறார்கள். குழந்தை பிறந்து ஆறாவது வாரத்தில் பார்த்தால் 24. குழந்தையோ நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, துணிகளை நனைத்துக்கொண்டே இருக்கிறது. நோய் என்று சொல்வதற்கு ஸ்கேன் காகிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லாத இந்த நிலையில்தான், மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யலாமா, அல்லது சில மாதங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று பெற்றோர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபரேஷன் செய்தால் கிட்னி பழையபடி ஆகிவிடுமா?" இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே மற்ற எல்லாத் தெரிவுகளும் அமைவதால், அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

குழந்தைகளிடம் காணப்படும் சிறுநீர் அடைப்புகளில் மிகுதியானது, சிறுநீரகத்தின் நடுவிலுள்ள புனல் போன்ற பை, சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயோடு சேரும் இடத்தில் ஏற்படுவது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாகப் பியூஜே அடைப்பு என்பார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமும், வலப் பக்கத்தைவிட இடப் பக்கத்திலும் இது கூடுதலாக வருகிறது. கைக்குழந்தைகளிடம் காரணம் பெரும்பாலும் அந்தச் சந்திப்பில் உள்ள சிறு துண்டுக் குழாயிலேயே இருக்கிறது. தசை சரியாக அமையாமல் நார்த்திசு மிகுந்த அந்தத் துண்டு, சிறுநீரைக் கீழே தள்ளும் அலையைக் கடத்துவதில்லை. முழுக்க மூடிய அடைப்பு என்பது அரிது. ஒழுக்கு குறைவாக இருக்கிறது, பை விரிந்து கொடுக்கிறது, அந்த விரிவே சில காலம் சிறுநீரகத் திசுவை அழுத்தத்திலிருந்து காக்கவும் செய்கிறது. வீக்கம் என்பதும் அடைப்பு என்பதும் ஒன்றல்ல என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி மீட்சிக்கு வருவோம். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்கள் கருவின் ஏறக்குறைய 36-ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே அடைப்பினால் அழிந்துபோன நெஃப்ரானை எந்த அறுவையும் திருப்பித் தராது. ஆனால் ஒரு சிறுநீரகம் குறைவாக வேலை செய்வதற்கு நெஃப்ரான்கள் அழிந்ததே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பின்னழுத்தத்தாலும், ரெனின், ஆஞ்சியோடென்சின் ஆகிய உடலின் சுரப்புப் பொருள்களின் தூண்டுதலால் இரத்தக்குழாய்கள் இறுகுவதாலும், உயிரோடு இருந்தும் மந்தமாகிப்போன நெஃப்ரான்கள் உண்டு. அடைப்பு நீங்கினால் இவை மீண்டும் வேலைக்கு வரும். எலிக்குட்டிகளில் அடைப்பை உண்டாக்கிப் பல ஆண்டுகள் ஆய்ந்த அமெரிக்க மருத்துவர் ராபர்ட் செவாலியரின் பணி இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டியது. அடைப்பை நீக்கிய பிறகு சிறுநீரகம் ஓரளவு தேறுகிறது. ஆனால் வளர்ச்சிப் பருவத்தில் இழந்த நெஃப்ரான்களின் குறை பிற்காலத்தில் வெளிப்படுகிறது. எனவே, "எவ்வளவு மீளும்" என்ற கேள்விக்கு, குறைந்த வேலையில் எவ்வளவு அழிவு, எவ்வளவு மந்தம் என்பதைப் பொறுத்தது என்றே நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். அறுவைக்கு முன்னால் இந்த இரண்டையும் உறுதியாகப் பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. இங்கே எழும் சிக்கல் முழுவதும் அதிலிருந்து வருவதுதான்.

சோதனை என்றதும் பலர், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினை இரத்தத்தில் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட குழந்தைக்கு இது பொருந்தாத நிம்மதி. மறுபக்கச் சிறுநீரகம் முழு வேலையையும் தாங்கிக்கொள்வதால், அடைபட்டது பாதியாகக் குறைந்திருந்தாலும் கிரியேட்டினின் இயல்பாகவே இருக்கும். தேவையான விடையைத் தருவது ரீனோகிராம் எனப்படும் அணுக்கதிர் ஸ்கேன். அதை அறிக்கையின் கடைசி வரியாக மட்டும் படிக்காமல், அது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு உதவும்.

குழந்தைக்கு வயிறார உணவு கொடுத்து, புறங்கையில் ஊசி வழி போட்டு, துண்டில் இறுகச் சுற்றி, கேமராவின் மேல் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பி எதிரழுத்தம் தராமலிருக்கச் சில மையங்களில் சிறு குழாய் ஒன்றையும் செருகுவார்கள். டெக்னீஷியம் சேர்ந்த மருந்து உள்ளே போன முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் எந்தச் சிறுநீரகம் எவ்வளவு இழுத்தது என்பதிலிருந்து "பங்கு" கணக்கிடப்படுகிறது. பிறகு சிறுநீர் பெருக்கும் ஃப்ரூசிமைடு மருந்தை, வழக்கமாக கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் கொடுத்து, சிறுநீரகத்தில் சேர்ந்த மருந்தின் அளவைக் காட்டித் திரையில் ஏறிய கோடு இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். தேங்கியதில் பாதி வெளியேற 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் அடைப்பு இருக்கலாம் என்று கருதுவது மரபு. ஆனால் மிகவும் விரிந்த பை, அடைப்பே இல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் வடியும். எனவே கடைசியில் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுச் சிறிது நேரம் வைத்திருந்து மீண்டும் ஒரு படம் எடுப்பார்கள். படுத்திருந்தபோது வடியாதது நிமிர்த்தியதும் வடிந்துவிட்டால், அந்தக் கோட்டை அடைப்பு என்று படிக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தைக்கு அந்தக் கடைசிப் படம் எடுக்கப்பட்டதா என்று கேட்பது தவறில்லை. பிறந்த முதல் மாதத்தில் சிறுநீரகம் முதிராததால் மருந்தை இழுப்பதும் குறைவு, ஃப்ரூசிமைடுக்கு இணங்குவதும் குறைவு. அதனால்தான் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து இதைச் செய்யச் சொல்கிறார்கள்.

இந்தப் பங்குக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அறுவைக்குப் பிந்தைய அறிக்கை ஏமாற்றமாகவே தோன்றும். இடது 38, வலது 62 என்றால் அவை நூறில் பங்குகள். தனி அளவுகள் அல்ல. குழந்தை பிறக்கும்போது மொத்த வடிகட்டும் திறன் மிகக் குறைவாக இருந்து, ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் அளவுக்கு உயர்கிறது. கணக்குக்காக, உடற்பரப்புக்கு ஏற்பச் சரிசெய்த மொத்தத் திறன் இரண்டாம் மாதத்தில் 50 என்றும் இரண்டாம் வயதில் 110 என்றும் கொள்வோம். முன்னதில் 38 விழுக்காடு 19; பின்னதில் அதே 38 விழுக்காடு ஏறத்தாழ 42. பங்கு அசையவே இல்லை, சிறுநீரகம் செய்யும் வேலையோ இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. "ஆபரேஷன் செய்தும் 38-லேயே நிற்கிறதே" என்று வருந்தும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது, அந்தச் சிறுநீரகம் தன் ஜோடியோடு சேர்ந்து சமமான வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்பதே. அறுவை செய்யாமல் விட்டிருந்தால் அந்த வேகம் தவறியிருக்கலாம். இந்த அடைப்பை நீக்கும் அறுவையான பைலோபிளாஸ்டிக்குப் பின் பெரும்பாலான குழந்தைகளிடம் நடப்பது இதுதான்: பங்கு அப்படியே நிலைக்கிறது அல்லது சற்றுக் கூடுகிறது. முன்பு மிகவும் குறைந்திருந்தவர்களில் சிலரிடம் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு ஏறுகிறது.

அப்படியானால் முதல் தெரிவாகிய காத்திருத்தல் எவ்வளவு பாதுகாப்பானது? 1990-களில் அமெரிக்காவின் ஓஹியோவைச் சேர்ந்த ஸ்டீபன் காஃப், பிறந்த குழந்தையின் ஒரு பக்க வீக்கத்தை அவசரப்பட்டு அறுக்க வேண்டியதில்லை என்று வாதிட்டுத் தொடர்ந்து ஆய்வுகளை வெளியிட்டார். 2000-ஆம் ஆண்டில் அவருடைய குழு தந்த நீண்டகாலக் கணக்கில், கடுமையான ஒரு பக்க வீக்கம் இருந்த 104 குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே பின்னர் அறுவை தேவைப்பட்டது. அதுவும் பெரும்பாலும் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தேவைப்பட்டது. பங்கு குறைந்ததும் உடனே அறுவை செய்தவர்களிடம் அது பழைய அளவுக்குத் திரும்பியது. இதைப் படிக்கும்போது காத்திருப்பதில் இழப்பே இல்லை என்று தோன்றும். எல்லா மையங்களின் அனுபவமும் அவ்வளவு இனிமையானதல்ல. காத்திருந்து, பங்கு சரிந்த பிறகு அறுவை செய்து, சரிந்தது முழுக்கத் திரும்பாத குழந்தைகளும் உண்டு. காஃபின் குழுவில் குழந்தைகளை நெருக்கமான இடைவெளியில் ஸ்கேன் செய்துகொண்டே இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது.

காத்திருத்தல் என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. அதற்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு, வீக்கம் கூடினால் மீண்டும் ரீனோகிராம், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்றே சிறுநீர்ச் சோதனை, கடுமையான வீக்கமானால் மருத்துவர் சொல்லும் காலம் வரை சிறு அளவில் தினசரி ஆன்டிபயாடிக். அல்ட்ராசவுண்டு பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் கிடைக்கும். ரீனோகிராமோ பெருநகரங்களிலேயே கிடைக்கிறது. தருமபுரிக்கும் இராமநாதபுரத்துக்கும் உட்பகுதியில் இருக்கும், தினக்கூலியை நம்பிய குடும்பம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கு நான்கு முறை வெளியூர் போய்வருமா என்பதும் மருத்துவக் கேள்விதான். குழந்தை நன்றாக ஓடியாடத் தொடங்கிய பிறகு மூன்றாவது ஸ்கேனுக்கு வராமல் நின்றுவிடுவதும், நான்கு வயதில் வயிற்றுவலியோடு வரும்போது பங்கு 15-க்கு இறங்கியிருப்பதும் கேள்விப்படாத கதைகள் அல்ல. கண்காணிப்போடு காத்திருத்தலையும் கண்காணிப்பின்றி விட்டுவிடுதலையும் ஒரே தெரிவாக எண்ணக் கூடாது.

காத்திருக்கத் தகுந்தவர்கள் யார் என்பதில் ஓரளவு உடன்பாடு இருக்கிறது. பங்கு 40-க்கு மேல், பையின் முன்பின் அளவு 30 மில்லிமீட்டருக்குக் கீழ், சிறுநீரகத் திசு மெலியாமல் இருத்தல், காய்ச்சலோ கட்டியோ வலியோ இல்லாமை ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் காத்திருக்கலாம் என்பதே என் கருத்தும். பங்கு 40-க்குக் கீழே இருந்து வடிதலும் தடைபட்டிருந்தால், அல்லது அடுத்தடுத்த இரு ஸ்கேன்களுக்கு இடையில் 10 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தால், அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 5 புள்ளிகள் சரிந்தாலே போதும் என்போரும் உண்டு. ஆனால் அது சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடக்கூடியது என்பதால், நீர் நன்கு கொடுத்து, அதே மையத்தில், அதே மருந்தால் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வீங்கிய பக்கத்தின் பங்கு 55-க்கு மேல் என்று வந்தால் மகிழவும் வேண்டாம். பெரிய பை கேமராவுக்கு அதிகமாகத் தெரிவதாலும் அந்த எண் வரலாம்.

கடினமான இடம் நடுவில் இருக்கிறது. பங்கு 42, பை 34 மில்லிமீட்டர், பைக்குள் சிறுநீரை இறக்கும் சிறு கிண்ணங்கள் எல்லாம் விரிந்திருக்கின்றன, கோடு இறங்கவில்லை, ஆனால் குழந்தை நலம். பெரிய பையுடைய சிறுநீரகங்களில் பெரும்பகுதி கடைசியில் அறுவைக்கே வருகிறது என்பது இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை 1990-களில் கண்ட அனுபவம். மருத்துவமனைக்கு அருகில் குடியிருந்து, ஒவ்வொரு தவணைக்கும் தவறாமல் வரக்கூடிய பெற்றோர் மூன்று மாதம் பொறுக்கலாம். அப்படி இயலாதவர்கள் 42 கையில் இருக்கும்போதே அறுவை செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே அறிக்கைக்கு இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு விதமாகச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். அறிக்கை ஒன்றாக இருந்தாலும் பின்தொடர்தல் ஒன்றாக இல்லையே.

அறுவையைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் 1949-இல் விவரித்த முறையே இன்றும் அடிப்படை. குறுகிய துண்டை வெட்டி நீக்கி, கீழ்க்குழாயின் வாயைச் சரிவாகப் பிளந்து அகலமாக்கி, பையோடு மீண்டும் தைக்கிறார்கள். அனுபவமுள்ள கைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றி. விலாவில் சிறு கீறல் வழியாகத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா என்று பெற்றோர் நிறைய நேரம் விசாரிக்கிறார்கள். கைக்குழந்தைக்கு அந்த விசாரணையில் அவ்வளவு பொருள் இல்லை என்பேன். கீறலே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மருத்துவர் அந்த வயதில் எந்த முறையை அதிகம் செய்கிறாரோ அதுவே நல்ல முறை. பள்ளி வயதுக் குழந்தைக்கு மட்டும் துளை வழி அறுவையில் வலியும் தழும்பும் குறைவு என்பது கணக்கில் சேரும்.

இதைவிட விசாரிக்க வேண்டியது ஸ்டென்ட் பற்றி. தையல் ஆறும்வரை சிறுநீர் வழிய உள்ளே வைக்கும் டிஜே ஸ்டென்ட்டை நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுக்க, குழந்தைக்கு மறுபடியும் மயக்க மருந்து வேண்டும். விலா வழியாக வெளியே வரும் வகைக் குழாயை ஒரு வாரம் பத்து நாளில் புறநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடலாம். ஆனால் அதுவரை அது இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜே வைத்தவர்கள் அதை எடுக்கும் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே மறக்கப்பட்ட ஸ்டென்ட்டில் கல் படியும், கிருமி சேரும். பாடுபட்டுத் திறந்த வழி அதனாலேயே மீண்டும் அடைபடும்.

பங்கு 10-க்கும் கீழே இருக்கும் குழந்தைக்கு மூன்று வழிகள் உண்டு: நேரடியாகப் பைலோபிளாஸ்டி, முதலில் முதுகு வழியாகக் குழாய் போட்டு வடிய விட்டுப் பார்த்தல், சிறுநீரகத்தையே அகற்றுதல். அழிவா மந்தமா என்ற பழைய கேள்வி இங்கேதான் கூர்மையாக எழுகிறது. நான்கு வாரம் வடிய விட்ட பிறகு மீண்டும் ஸ்கேன் எடுப்பதே, அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிக நேரடியான விடை. தில்லி எய்ம்ஸ் குழந்தை அறுவை மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட அனுபவத்தில், 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சிறுநீரகங்களில் பெரும்பாலானவை இப்படி வடிய விட்டதும் தேறின. முதல் ஸ்கேனை மட்டும் பார்த்து அகற்றியிருந்தால் அவை வீணாகியிருக்கும். குழாயின் தொல்லையும் சிறியதல்ல. தவழும் குழந்தையின் முதுகில் பையோடு தொங்கும் குழாய் நழுவும், கிருமி நுழையும், ஒரு மாதம் வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்க மாட்டார்கள். அதனால் குழாயைத் தவிர்த்து நேரே பைலோபிளாஸ்டி செய்யும் மருத்துவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்காமல் அகற்றுவதை நான் ஏற்கத் தயங்குவேன். பத்து வயதில், திசு காகிதம் போல மெலிந்து, தொற்றோ இரத்த அழுத்தமோ வந்துகொண்டிருந்தால் அகற்றுவதே குழந்தைக்கு நல்லது.

இவ்வளவும் ஒரு பக்க அடைப்புக்கு மட்டுமே. ஆண் குழந்தையின் சிறுநீர் வெளியேறும் வழியிலேயே சவ்வு போன்ற வால்வு அமைந்து அடைத்திருந்தால், இரு சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் ஒருசேரப் பாதிக்கப்படும். அங்கே காத்திருத்தல் என்ற தெரிவே கிடையாது. பிறந்த ஓரிரு நாளில் குழாய் வைத்து வடித்து, உப்புச்சத்துகளைச் சீராக்கி, உள்நோக்கிக் கருவி மூலம் வால்வைச் சிதைக்க வேண்டும். அந்தக் குழந்தையிடம் கிரியேட்டினின் நல்ல வழிகாட்டி. முதல் ஆண்டில் அது டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நம்பிக்கையோடு இருக்கலாம், 1.2-க்கு மேலேயே நின்றுவிட்டால் பிற்காலத்தில் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது. பியூஜே அடைப்புக்கு உறவினர் சொல்லும் ஆறுதலையும், வால்வு அடைப்புக்கு இணையத்தில் படித்த அச்சத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப்போட்டுக்கொள்ளும் பெற்றோர் ஏராளம்.

பைலோபிளாஸ்டி முடிந்து முதல் அல்ட்ராசவுண்டில் "இன்னும் வீக்கம் இருக்கிறது" என்று வந்தால் அறுவை தோற்றுவிட்டதாகப் பொருளில்லை. இழுத்து இழுத்துத் தளர்ந்த இலாஸ்டிக் போல, விரிந்த பை பழைய வடிவுக்குச் சுருங்க மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் ஆகும். சிலரிடம் முழுக்கச் சுருங்குவதே இல்லை. அறுவைக்கு முன் 34 ஆக இருந்தது ஆறாம் மாதத்தில் 22 என்றால் போகும் திசை சரி. 34 என்பது 38 ஆனால், அல்லது காய்ச்சலோடு கூடிய தொற்று வந்தால், ரீனோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது. இல்லையென்றால் ஸ்டென்ட் எடுத்து மூன்று மாதம் போல ஆன பிறகு அந்த ஸ்கேனைச் செய்தால் போதும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது கோடு இறங்குகிறதா என்பதையே, பங்கு அடுத்தது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும்: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், உயரமும் எடையும். குழந்தைக்கு ஏற்ற சிறிய கைப்பட்டை இல்லாத இடத்தில் எடுத்த இரத்த அழுத்த அளவை நம்ப வேண்டாம். ஒரு பக்கம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றுவிட்ட குழந்தை காய்ச்சலுக்கு மருந்துக்கடைக்குப் போனால், ஐபூப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்று கேட்டு வாங்கும் பழக்கம் அந்த வீட்டில் எல்லாருக்கும் இருக்க வேண்டும், பாட்டி உட்பட.